இரவு ஒன்பதரைக்குக் கரண்ட் கட்

2022 ஆடி மாதம். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் மாமி, ஒரு கையில் போனும் மறு கையில் ஈ.பி. அட்டையுமாக வாசலில் வந்து நின்றார். "போன வாரந்தானே கட்டினேன், ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட்டைக் கட் பண்ணிடுவோம்னு மெசேஜ் வந்திருக்கே, என்னன்னு பாருப்பா" என்றார்.

மெசேஜைப் படித்தேன். சென்ற மாத மின்கட்டணம் கணக்கில் ஏறவில்லை, அதனால் இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின்வாரிய அதிகாரியைக் கூப்பிடவும் என்று பிழை மலிந்த ஆங்கிலத்தில் இருந்தது. கீழே ஒரு பத்து இலக்க செல்போன் எண். மாமி கையிலிருந்த வெள்ளை அட்டையை வாங்கிப் பார்த்தேன். மீட்டருக்குப் பின்னால் செருகி வைத்து ஓரங்கள் பழுத்துப்போன அட்டை. தேதி, ரீடிங், யூனிட், தொகை, கணக்கெடுத்தவரின் சுருக்கெழுத்து என்று வரிசையாகக் கட்டங்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே இரண்டு மாதம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறார்கள். கணக்கெடுத்த நாளிலிருந்து பணம் கட்ட இருபது நாள் அவகாசம் உண்டு. 'சென்ற மாத பில்' என்ற ஒன்று மாமி வீட்டுக்கு இருக்கவே முடியாது. கட்டாதவர் வீட்டில் பியூஸ் பிடுங்க லைன்மேன் வருவதும் பகலில்தான். ஒன்பதரை மணிக்கு யாரும் ஏணியோடு வருவதில்லை. மெசேஜை அனுப்பியவனுக்கு நம் ஊர் வழக்கம் தெரிந்திருக்கவில்லை. மாமிக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அந்த நிமிடப் பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

மாமி தப்பித்தார். அதே மாதம் உறையூரில் இருக்கும் என் சித்தப்பா தப்பவில்லை. பெல் நிறுவனத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் கணக்கெழுதி வைக்கிறவர். அந்த எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். மறுமுனையில் மிகப் பணிவான குரல். "நீங்க பில் கட்டிட்டீங்க சார், சிஸ்டத்துல அப்டேட் ஆகல. பத்தே பத்து ரூபாய் கட்டினா சரியாயிடும்" என்று சொல்லி ஒரு செயலியை இறக்க வைத்திருக்கிறான். அதன் பிறகு தன் டெபிட் கார்டின் பதினாறு எண்களையும், காலாவதித் தேதியையும், பின்பக்கத்து மூன்று எண்களையும் சித்தப்பா நிதானமாக, தப்பில்லாமல், ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார். பத்து ரூபாய் போனது. பிறகு நான்கு தடவையாக எண்பத்தாறாயிரம் போனது. அவர் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்தச் செயலி அவர் போன் திரையை அப்படியே எங்கோ இருந்தவனின் கண் முன் விரித்து வைத்திருந்தது. ஓடிபி இவர் திரையில் விழுந்த நொடியே அவனும் படித்துவிட்டான்.

அன்றிலிருந்து டெபிட் கார்டு பாதுகாப்பானதா, ஆன்லைனில் பில் கட்டலாமா என்று யாராவது கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. கார்டு பாதுகாப்பானதுதான், முன்னெப்போதையும்விடப் பாதுகாப்பானது. ஆனால் சித்தப்பாவின் எண்பத்தாறாயிரம் போனதும் உண்மை. இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்பதைத்தான் இங்கே பார்க்க முயல்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1967 ஜூன் 27 அன்று லண்டனின் வட பகுதியான என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி முதல் பண இயந்திரத்தை வைத்தது. அதை உருவாக்கியவராக அறியப்படும் ஜான் ஷெப்பர்ட் பேரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ரகசிய எண்ணை ஆறு இலக்கமாக வைக்கத்தான் முதலில் நினைத்தாராம். மனைவி தனக்கு நான்குக்கு மேல் நினைவில் நிற்காது என்றதால் நான்காகக் குறைத்ததாகப் பின்னாளில் சொன்னார். ஆக, இந்தப் பூட்டின் அளவை முடிவு செய்தது மனித ஞாபகம். சித்திரை வீதியில் எனக்குத் தெரிந்த எத்தனையோ பெரியவர்கள் அந்த நான்கு எண்ணையும் மறந்துவிடுவோமோ என்று பயந்து கார்டு உறையின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. பணம் எடுக்கத் தெரியாமல் பின்னால் நிற்கும் இளைஞனிடம் கார்டைக் கொடுப்பதும், அவன் எடுத்துக் கொடுத்துவிட்டு அதே நிறத்தில் வேறொரு கார்டைத் திருப்பித் தருவதும் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களுக்கு மிகப் பழகிய புகார். இதற்குத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பென்ஷன் வரும் முதல் வாரமும், தயங்கி நிற்கும் ஒரு முதியவரும் போதும்.

தொழில்நுட்பம் தேவைப்பட்ட திருட்டு, கார்டின் பின்பக்கக் கறுப்புப் பட்டையைக் குறிவைத்தது. அந்தப் பட்டை பழைய பாட்டு கேசட்டின் நாடாவைப் போன்றது. அதில் பதிந்திருப்பதை இன்னொரு நாடாவில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஏ.டி.எம்.மில் கார்டு நுழையும் வாயில் ஒரு போலி வாயை ஒட்டி வைப்பார்கள், எண் பலகைக்கு மேலே குண்டூசித் தலை அளவில் ஒரு கேமரா இருக்கும்; கார்டின் நகல் தயார். 2016 அக்டோபரில் நாடு முழுவதும் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரம் கசிந்திருக்கலாம் என்று வங்கிகள் அறிவித்தபோது திருச்சியிலும் பலருடைய கார்டு ஒரே நாளில் செல்லாமல் போனது. ஏ.டி.எம். சேவை நடத்திய ஒரு நிறுவனத்தின் கணினிக்குள் புகுந்த தீநிரல்தான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அந்தச் சம்பவத்தில் நான் கவனித்தது இன்னொரு எண். 19 வங்கிகளைச் சேர்ந்த 641 வாடிக்கையாளர்கள் இழந்ததாகச் சொல்லப்பட்ட தொகை சுமார் 1 கோடியே 30 லட்சம் ரூபாய். 32 லட்சத்தில் 641 பேர். கசிவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வங்கிகள் முந்திக்கொண்டு கார்டுகளை முடக்கினால் சேதத்தைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

அதன் பிறகு பூட்டுகள் ஒவ்வொன்றாக மாறின. 2018 கடைசிக்குள் வெறும் பட்டை மட்டும் உள்ள கார்டுகளை எல்லாம் சிப் வைத்த கார்டாக மாற்றச் சொன்னது ரிசர்வ் வங்கி. சிப், நாடாவைப் போல எப்போதும் ஒரே பாட்டைப் பாடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு கணக்கைப் போட்டுக் காட்டும், அதனால் நகல் எடுத்துப் பயனில்லை. ஆன்லைனுக்கான பூட்டு அதற்கும் முன்னதாகவே வந்துவிட்டது. 2009 ஆகஸ்டிலிருந்து, இந்திய இணையதளங்களில் கார்டு எண் மட்டும் போதாது, இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பும் வேண்டும் என்றாகிவிட்டது. அமெரிக்காவிலிருந்து மார்கழிக்கு வரும் பிள்ளைகள் எதற்கு இத்தனை தடவை ஓடிபி என்று அலுத்துக்கொள்வார்கள். அங்கே பல கடைகளில் எண்ணும் தேதியும் கொடுத்தால் பணம் போய்விடும். நம் கார்டின் எண்ணும் அப்படிப்பட்ட வெளிநாட்டுத் தளத்தில் ஓடிபி இல்லாமலே செல்லும் என்பதுதான் நம் பூட்டில் இருந்த ஓட்டை. அதை அடைக்கத்தான் 2020இல் சுவிட்ச் வந்தது. புதிதாகத் தரும் கார்டு உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாடு, தட்டினால் போதும் என்கிற வசதி ஆகியவற்றை வாடிக்கையாளரே வங்கிச் செயலியில் திறந்துகொள்ள வேண்டும், வேண்டாதபோது மூடலாம், உச்ச வரம்பும் வைக்கலாம். என் பார்வையில் கடந்த இருபது வருடத்தில் டெபிட் கார்டுக்கு நடந்த மிக நல்ல காரியம் இதுதான். ஆனால் இந்த சுவிட்ச் இருப்பதே தெரியாதவர்கள் என் உறவில் பாதிப் பேர். 2022 அக்டோபரிலிருந்து கடைக்காரர்கள் நம் கார்டு எண்ணைத் தங்கள் கணினியில் சேமிக்கவும் முடியாது. அதற்குப் பதிலாக அந்தக் கடைக்கு மட்டும் செல்லும் ஒரு மாற்று எண்தான் இருக்கும். கடையின் கணினி திருடுபோனாலும் அந்த எண் வேறெங்கும் செல்லாது.

பூட்டு இவ்வளவு கெட்டியானதும் திருடன் பூட்டை விட்டுவிட்டான். வீட்டுக்காரரையே திறக்க வைப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அதற்கு அவன் கரண்ட் பில்லைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். லாட்டரி விழுந்தது, வெளிநாட்டுப் பரிசு வந்தது என்றால் ஆசைப்பட்டவர்தான் மாட்டுவார். மின்சாரம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, எல்லோரும் பில் கட்டுகிறார்கள், கட்டியது சரியாக ஏறியதா என்ற சின்னச் சந்தேகம் எல்லோருக்கும் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டுகிறவருக்குத்தான் அந்தச் சந்தேகம் அதிகம். சித்தப்பாவின் நாணயம்தான் அவரை அந்த எண்ணைக் கூப்பிட வைத்தது. மின்வாரியமும் காவல்துறையும் திரும்பத் திரும்ப எச்சரித்த பிறகு அந்த மெசேஜ் குறைந்தது. ஆனால் உருமாறி வந்துகொண்டேதான் இருக்கிறது. இப்போது வாட்ஸ்அப்பில், போக்குவரத்து அபராத ரசீது என்றோ கல்யாணப் பத்திரிகை என்றோ ஒரு கோப்பு வரும். அதைத் தொட்டால் போனில் ஒரு செயலி ஏறிக்கொள்ளும், வரும் எஸ்.எம்.எஸ்.களை எல்லாம் சத்தமில்லாமல் இன்னொரு எண்ணுக்குக் கடத்தும். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடுகிறவர் கண்ணில் படும்படி போலி எண்களைப் பரப்பி வைப்பது இன்னொரு வழி. அங்கே அவன் கூப்பிடுவதில்லை, நாமே அவனைக் கூப்பிடுகிறோம்; நாமே தேடிக் கண்டுபிடித்த எண் என்பதால் நம்பிக்கையும் கூடிவிடுகிறது.

இதைப் பார்த்துவிட்டு, ஆன்லைனே வேண்டாம், கவுன்டரில் போய்க் கட்டிவிடுவோம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. 2022 செப்டம்பரிலிருந்து 2023 மார்ச் வரை பராமரிப்பு வேலைக்காகத் திருச்சிக்குப் போகும் காவிரிப் பாலத்தை மூடியபோது ஸ்ரீரங்கத்து முதியவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பத்து நிமிடத்தில் போனவர்கள் பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். சொத்து வரி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், போன் பில் என்று எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கட்ட முடிந்தது அந்த மாதங்களில் எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பதை முழங்கால் வலிக்காரர்களிடம் கேட்க வேண்டும்.

பில் கட்டும் முறையிலும் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷனின் துணை நிறுவனம் நடத்தும் பாரத் கனெக்ட்; முன்பு பாரத் பில் பே என்று பெயர். வங்கிச் செயலியிலோ ஜி-பே, போன்பே போன்றவற்றிலோ மின்கட்டணம் என்று தொட்டு இணைப்பு எண்ணைக் கொடுத்தால், யார் பெயரில் இணைப்பு, எவ்வளவு பாக்கி, கடைசித் தேதி என்ன என்பது வாரியத்தின் கணக்கிலிருந்தே வந்து நிற்கும். தொகையை நாம் அடிப்பதில்லை. யாரும் நமக்குச் சொல்வதும் இல்லை. ஒரு எண் தவறினால் வேறொருவர் பெயர் வரும். அந்தப் பெயரைப் படிக்காமல் பக்கத்துத் தெருக்காரரின் பில்லைக் கட்டிவிட்டு அலைந்தவர்களையும் எனக்குத் தெரியும். ஆகவே, வந்து நிற்கும் பெயரை வெள்ளை அட்டையோடு ஒருமுறை ஒத்துப் பார்ப்பதுதான் இதில் நாம் செய்ய வேண்டிய ஒரே வேலை. பில் நம்மைத் தேடி ஒரு இணைப்பாக வரும்போதுதான் ஆபத்து. நாம் பில்லைத் தேடிப் போகும்போது ஆபத்து மிகக் குறைவு. 2024இல் மின்வாரியத்துக்கு இருந்த டான்ஜெட்கோ என்ற பெயர் போய், மின் பகிர்மானக் கழகம் தனி நிறுவனமானது. இப்படிப் பெயர் மாறும் காலங்களில் பழைய பழக்கமே துணை: எந்த வழியாக இத்தனை நாள் கட்டினோமோ அந்த வழியாகவே போக வேண்டும்.

இனி, பணம் போன பிறகு என்ன என்ற கேள்வி. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒவ்வொரு கணக்குதாரரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, நடுவில் எங்கோ நடந்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்காரரின் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய், எளிய அடிப்படைக் கணக்கு என்றால் 5,000. புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், தொண்ணூறு நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். வாடிக்கையாளர்மேல்தான் தவறு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி.

நல்ல விதிதான். ஆனால் அதில் ஒரு வரி இருக்கிறது: ரகசிய விவரத்தைப் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் அலட்சியத்தால் நடந்திருந்தால், வங்கியிடம் சொல்லும் வரையிலான நஷ்டம் முழுதும் அவருடையது. சித்தப்பா மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளைக்குப் போனார். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. எந்த வங்கியாக இருந்தாலும் அன்று அந்தப் பதில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். "நீங்களாத்தானே சார் கார்டு நம்பரை அடிச்சீங்க" என்றார்கள். அலட்சியம் என்ற சொல்லை அவர் வாழ்க்கையில் யாரும் அவர்மேல் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வங்கியின் வீட்டுக்குள்ளேயே திருடன் புகுந்த கதைகளும் நம் பக்கத்தில் உண்டு. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் சர்வதேசப் பரிமாற்ற அமைப்புக்குள் புகுந்து மூன்று பரிமாற்றங்களில் சுமார் 20 லட்சம் டாலரை வெளியே அனுப்பப் பார்த்தார்கள். 2021 ஜூனில் சென்னையில் ஸ்டேட் வங்கியின் பணம் போடும் இயந்திரங்களில், வெளியே வரும் நோட்டை எடுத்துக்கொண்டு கதவின் உணர்கருவியை மறைத்து, பணம் திரும்பிவிட்டதாக இயந்திரத்தை நம்ப வைத்தது ஒரு வடநாட்டுக் கும்பல். இயந்திரமே ஏமாந்தது. அதற்காக இயந்திரத்தை யாரும் அலட்சியம் என்று சொல்லவில்லை. எழுபது வயது மனிதர் ஏமாந்தால் மட்டும் ஏன் அந்தச் சொல்?

நீதிமன்றங்களின் பார்வை கொஞ்சம் மாறிவருகிறது. அசாமில் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய ஆடையைத் திருப்பித் தர முயன்றபோது, வாடிக்கையாளர் சேவை என்று பேசியவன் ஒரு செயலியை இறக்க வைத்து 94,000 சொச்சம் ரூபாயை எடுத்துவிட்டான். அவர் 24 மணி நேரத்துக்குள் வங்கியிடம் புகார் செய்திருந்தார். பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன குவாஹாட்டி உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து ஸ்டேட் வங்கி செய்த மேல்முறையீட்டை 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த அமர்வில் நீதிபதி பர்திவாலாவோடு இருந்தவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி ஆர். மகாதேவன். சந்தேகத்துக்குரிய பரிமாற்றத்தைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் வங்கியிடம்தானே இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஓடிபியைப் பகிராமல் விழிப்போடு இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளருக்கும் அதில் சொல்லியிருக்கிறார்கள்.

பிரிட்டன் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணத்தை அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, திருடனின் கணக்கை வைத்திருந்த வங்கி பாதி. இந்த இரண்டாவது பாதியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். திருடிய பணம் காற்றில் கரைவதில்லை. ஏதோ ஒரு வங்கியில் ஏதோ ஒரு கணக்குக்குத்தான் போகிறது. சில ஆயிரம் ரூபாய் கமிஷனுக்காகத் தன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் வாடகைக்கு விடும் இளைஞர்களின் கணக்குகள் அவை. மாதம் ஐயாயிரம்கூட நடமாட்டமில்லாத ஒரு கணக்கில் ஒரே இரவில் லட்சக்கணக்கில் வந்து அரை மணியில் காலியாகிறது. அதைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பது அந்த வங்கி மட்டுந்தான். பார்க்காமல் விட்டதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றால் பார்ப்பார்கள்.

அப்படியொரு விதி இங்கே வரும்வரை நம் கையில் இருப்பது வேகம். சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண் அதற்காகத்தான். பணம் போனது தெரிந்ததும் முதலில் அந்த எண், பிறகுதான் கிளை, உறவினர் எல்லாம். அங்கே சொன்னதும் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போயிற்றோ அந்த வங்கிகளுக்கெல்லாம் தகவல் போய், மிச்சமிருப்பது முடக்கப்படும். சித்தப்பா அன்றிரவு யாரிடமும் சொல்லாமல் வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்; காலையில்தான் நான் 1930க்குப் பேசினேன். எண்பத்தாறில் முப்பத்தோராயிரம் முடங்கியது. நீதிமன்ற உத்தரவு வாங்கி அது கைக்கு வர எட்டு மாதமானது. இரவே பேசியிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். வங்கி முப்பது நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

எங்கள் வீட்டில் நாங்கள் மாற்றியது ஒன்றுதான். பென்ஷனும் வைப்பும் இருக்கும் கணக்கின் கார்டில் ஆன்லைன் சுவிட்சை மூடிவிட்டோம். இன்னொரு வங்கியில் சின்னதாக ஒரு கணக்கு. மாதம் எட்டாயிரம் அதில் போடுகிறோம். கரண்ட், போன், கேஸ், மருந்துக் கடை எல்லாம் அதிலிருந்து. கிரெடிட் கார்டில் போனால் வங்கியின் பணம் போய் நாம் தகராறு செய்வோம். டெபிட் கார்டில் போனால் நம் பணம் போய் நாம் காத்திருப்போம். காத்திருக்க வேண்டி வந்தால் எட்டாயிரத்துக்காகக் காத்திருக்கலாம்.

சித்தப்பா மூன்று வருடம் போனில் பில் கட்டவே இல்லை. ஒவ்வொரு தடவையும் வெயிலில் போய் வரிசையில் நின்றார். போன மாதம் ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாள் சேவிக்க வந்தவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பையிலிருந்து வெள்ளை அட்டையை எடுத்தார். "நீ சொல்லு, நானே அடிக்கிறேன்" என்றார். இணைப்பு எண்ணை அடித்ததும் திரையில் வந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்து அட்டையோடு ஒத்துப் பார்த்தார். தொகையையும் பார்த்தார். பின் நம்பர் கேட்டது. விரலை நிறுத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோடா" என்றார்.

திரும்பிக்கொண்டேன்.